கோடு வரையுமுன் கேட்க வேண்டியவர்கள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டப் புத்தகத்தின் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 26-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1991இல் வந்த திருத்தத்தில் அது சேர்ந்தது. கடலின் ஒரு பகுதியைச் சரணாலயத்துக்குள் கொண்டுவரும்போது அதன் எல்லையை எப்படி முடிவு செய்வது என்று அது சொல்கிறது. மத்திய அரசின் தலைமைக் கடற்படை நீர்வரைவாளரைக் கலந்தாலோசிக்க வேண்டும். உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தபின் எல்லையை வகுக்கலாம். கடலில் அமையும் தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான்.

மீனவரை நினைத்துப் பார்த்த வரி அது என்பதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே ஆலோசனை கேட்கப்படுபவர் நீர்வரைவாளர். பாதுகாப்புப் பெறுபவர் மீனவர். ஆழத்தை அளந்து படத்தில் குறித்தவரிடம் கேட்கிறோம். அந்த ஆழத்தில் எந்தப் பாரில், அதாவது நீரடிப் பாறைத்திட்டில், எந்த மாதம் எந்த மீன் கிடக்கும் என்று அறிந்தவருக்கு நலன் காப்பதாக வாக்குக் கொடுக்கிறோம். கோடு எங்கே போகலாம் என்று அவரிடம் கேட்கும் கடமையை அந்த வரி யார்மீதும் சுமத்தவில்லை. இன்று நான் பேச வந்தது இந்தக் கேட்காமையைப் பற்றி.

காப்பகமே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். இழுவைமடி ஓடிய கடற்புல் தரையைப் பார்த்தவர்கள் பாதுகாப்பு எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஓர் இடத்தை மூடி வைத்தால் பக்கத்துக் கடலுக்கும் நன்மை உண்டு என்பதற்குப் பிலிப்பைன்ஸில் சான்று இருக்கிறது. சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா 1974இல் சுமிலோன் தீவில் ஒரு பகுதியில் மீன்பிடியை நிறுத்த ஏற்பாடு செய்தார். உள்ளூர் அரசியல் மாறி, 1984இல் பாதுகாப்புக் குலைந்து, மூடியிருந்த இடத்திலும் வலை விழுந்தது. அடுத்த ஒன்றரை ஆண்டில் தீவின் மொத்த மீன்வரத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மீன்பிடிக்கும் பரப்புக் கூடியது, கிடைத்த மீனோ குறைந்தது. அதே அல்காலா, பக்கத்து ஆப்போ தீவில் மக்களோடு பல காலம் பேசினார். 1982இல் தீவு மக்களே தங்கள் பவளப் பரப்பில் பத்தில் ஒரு பங்களவுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து மூடினார்கள், தாங்களே காவலும் இருந்தார்கள். அந்தக் காவல் நிலைத்தது. இரண்டு தீவுகளிலும் அறிவியல் ஒன்றுதான், அறிஞரும் ஒருவர்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதில்தான் வேறுபாடு.

இனி நம் கடலுக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள அந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலையும் சேர்த்து, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கும் அறிவிக்கை 1986இல் வந்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய மாற்றம் நிகழும்போது கரையில் இருந்தவருக்குச் சட்டம் வைத்திருந்த வாசல் எது? மாவட்ட ஆட்சியரின் உரிமை விசாரணை. ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை உள்ளவர் இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். உரிமை என்ன, எவ்வளவு, இழப்பீடாக என்ன வேண்டும் என்று அதில் விவரம் தர வேண்டும்.

நிலத்தில் இது நடக்கக்கூடிய காரியம். பட்டா இருக்கும், சிட்டா இருக்கும், நான்கு எல்லை சொல்லலாம். கடலில் மூன்று தலைமுறையாக முல்லித் தீவுப் பக்கம் வத்தைப் படகில் போய் வந்தவரிடம் என்ன தாள் இருக்கும்? தீவோரத்தில் முழங்கால் நீரிலும் கழுத்தளவு நீரிலும் மரிக்கொழுந்துப் பாசி பறித்த பெண், தன் உரிமையின் அளவை எந்தப் படிவத்தில் எழுதுவார்? இதைவிடக் கடுமையான இன்னொன்றும் உண்டு. சரணாலயமாக இருந்தால், பழைய உரிமை தொடரலாம் என்று அனுமதிக்க ஆட்சியருக்கு வழி இருக்கிறது. தேசியப் பூங்காவுக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது என்று சட்டமே விலக்கிவிட்டது. ஆக, மனுக் கொடுத்தாலும் பேசக்கூடியது இழப்பீடு பற்றித்தான். போய்வரும் உரிமையைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

கோடு காகிதத்தில் இருந்தவரை கரை ஊர்களில் பலருக்கு அதன் பாரம் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கண்காணிப்பு இறுகியபோதுதான் தெரிந்தது. பாசி எடுக்கப் போன பெண்கள் தடுக்கப்பட்டார்கள். தலைமுறைகளாகச் செய்த வேலை குற்றமாகிவிட்டிருந்தது. இந்தப் பெண்கள் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காப்பகத் திட்டமிடல் பற்றிய பாடநூல்களில் இருக்க வேண்டிய செய்தி இது. அவர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். எங்களை விடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கலாம். அவர்களோ தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டுவிட்டு விரலில் துணி சுற்றிக் கையால் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தாங்களும் கடலுக்கு இறங்காமல் பாசியை வளரவிடுவது. பாசி எப்போது முளைத்தெழும், எப்படிப் பறித்தால் மறுபடி தழைக்கும் என்பதை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. பாம்பனுக்கு அருகிலுள்ள சின்னப்பாலத்திலிருந்து வந்த அவர்களின் தலைவிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்தது.

இப்படிச் சிந்திக்கத் தெரிந்தவர்களை 1986இல் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, எந்தத் தீவை முழுதாக மூடலாம், எதை ஆறு மாதம் மூடலாம், எங்கே இழுவைமடியை அறவே தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் கோடு எப்படி அமைந்திருக்கும்? 560 சதுர கிலோமீட்டரைவிடக் கூடுதலாகக்கூட அமைந்திருக்கலாம். பாசி பறிக்கும் பெண்ணுக்கும் இழுவைமடிக்கும் வேறுபாடு தெரியாத கோடாக அது இருந்திருக்காது.

பின்னால் வந்த ஏற்பாடுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கரை ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தது. சுழல்நிதிக் கடன், மாற்றுத் தொழில், பயிற்சி என்று நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் கோடு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. குழுக்கள் பேசியது கோட்டால் வந்த இழப்பை எப்படித் தாங்குவது என்பதைப் பற்றி. தாலி கட்டிய பிறகு பெண்ணைச் சம்மதம் கேட்பதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

ஒரே சட்டத்தை ஒரே கடலில் மூன்று முறை செயல்படுத்தப் பார்த்து, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்ற ஓர் அரசு இருக்கிறது. கலிஃபோர்னியா. கேட்கும் முறை மாறினால் விளைவு எப்படி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. 1999இல் அந்த மாநிலம் கடல்வாழ் உயிர்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள மாநிலக் கடலில், சிதறிக் கிடந்த சிறு காப்பகங்களை அறிவியல் அடிப்படையில் ஒரு வலைப்பின்னலாக மாற்றி அமைக்க வேண்டும் என்றது சட்டம்.

முதல் முயற்சியில் அறிவியலாளர்களும் அதிகாரிகளும் அடங்கிய குழு வரைபடங்களைத் தயாரித்தது. திறமையானவர்கள்தான், வரைபடங்களும் சிரத்தையோடு வரையப்பட்டவைதான். 2001இல் அவற்றைச் சுவரில் மாட்டி மக்கள் கருத்துக் கேட்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். மீனவர்கள் வந்து பார்த்தார்கள். தாங்கள் பிழைக்கும் பார்களின்மேல் கோடு ஓடியது. அரங்குகள் கொதித்தன. அடுத்த ஆண்டு அந்த வரைபடங்கள் கைவிடப்பட்டன. இரண்டாம் முயற்சியில் தவற்றைத் திருத்தப் பார்த்தார்கள். வட்டாரம்தோறும் மீனவர், சூழல் ஆர்வலர், படகோட்டிகள் எனப் பலரையும் சேர்த்துக் குழுக்களை அமைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் மாநிலக் கருவூலத்தில் பணமில்லை, நடத்த ஆளில்லை. 2004 தொடக்கத்தில் அதுவும் நின்றது. மக்களை அழைத்துவிட்டுப் பாதியில் கதவை மூடுவது, அழைக்காமல் இருப்பதைவிட ஆழமாகப் புண்படுத்தும்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் மூன்றாம் முயற்சி தொடங்கியது. இதில் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் கவனிக்க வேண்டியது. வரைபடத்தை வரையும் வேலை பங்காளர் குழுவிடம் போனது. வணிக மீனவர், பொழுதுபோக்குத் தூண்டிலாளர், நீர்மூழ்குவோர், சூழல் அமைப்பினர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அறிவியலாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அவர்கள் முன்கூட்டியே அளவுகோல்களை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காப்பகம் கரையோரமாகக் குறைந்தது ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் நீண்டிருக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் நீரோட்டத்தில் மிதந்துபோகும் மீன் குஞ்சு அடுத்த காப்பகத்தில் போய்த் தங்கும். குழுக்கள் வரைந்த படத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்து, எங்கே தேறுகிறது, எங்கே தேறவில்லை என்று அறிவியல் குழு எழுதித் தந்தது. குழுவினர் திரும்பப் போய் மறுபடி வரைந்தார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாக நடந்தது. இரு தரப்பிலும் ஆதாயமில்லாத பொது வாழ்வுப் பெரியவர்கள் சிலரைக் கொண்ட மேற்குழு ஒன்று எல்லாவற்றையும் கவனித்தது. இறுதி முடிவு மாநில மீன்வள ஆணையத்தினுடையது.

மீனவருக்கு ஒரு நியாயமான அச்சம் உண்டு. என் நல்ல பார் எது என்று நான் சொன்னால், அதையே மூடிவிடுவார்கள். நம் தென்கோடிக் கரையில் கணியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மலை முகடு, கோயில் கோபுரம், பனைமரக் கூட்டம் என்று கரையிலுள்ள இரண்டு இரண்டு அடையாளங்களை நேர்வைத்து, நீருக்கடியிலுள்ள பாரின்மேல் வந்து நிற்பார்கள். தகப்பன் மகனுக்குச் சொல்வான், பக்கத்துப் படகுக்குச் சொல்ல மாட்டான். அப்படிப்பட்ட அறிவை அரசு வரைபடத்தில் புள்ளியாக வைக்கச் சொன்னால் யார் வைப்பார்? கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஈக்கோட்ரஸ்ட் என்ற அமைப்பு மீனவர்களைத் தனித்தனியே சந்தித்தது. உங்களிடம் நூறு காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மீன்பிடிக்கும் இடங்களின் மதிப்புக்கு ஏற்ப அதைப் பிரித்து வையுங்கள் என்று கேட்டது. தனிமனிதரின் விடையை வெளியிடவில்லை. எல்லோருடையதையும் ஒன்றுசேர்த்து, எந்தக் கடற்பரப்பை இழந்தால் தொழிலுக்கு எவ்வளவு சேதம் என்று காட்டும் படமாக்கியது. கோடு வரைந்தவர்கள் அந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். மீனவர் தன் ரகசியத்தையும் காத்தார், தன் குரலையும் பதிந்தார். எளிய முறை. தாளும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் மண்டபத்திலும் கீழக்கரையிலும் நாளையே தொடங்கலாம்.

2007இல் நடுக்கரையில் தொடங்கி 2012 முடிவதற்குள் கரை முழுவதற்கும் 124 காப்பகங்கள் நடைமுறைக்கு வந்தன. மாநிலக் கடலில் ஏறத்தாழ 16 விழுக்காடு. எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. செலவில் கணிசமான பங்கு தனியார் அறநிறுவனங்களிலிருந்து வந்ததால், யாருடைய பணம் யாருடைய கடலைத் தீர்மானிக்கிறது என்ற கேள்வி மீனவரிடையே எழுந்தது. அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. வடகரையில் இன்னொரு பெரிய பிழை வெளிப்பட்டது. யூரோக் முதலிய பழங்குடிகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கரையில் சிப்பியும் பாசியும் மீனும் எடுத்து வாழ்ந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலாளரும் ஒன்றாகவே இருந்தார்கள். பல பங்காளருள் ஒரு பங்காளராக உட்கார அவர்கள் மறுத்தார்கள். 2010 ஜூலையில் ஃபோர்ட் பிராக் நகரில் நடந்த கூட்டத்துக்குள் பல பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள் ஊர்வலமாக வந்து, எங்கள் உரிமை பேரத்துக்குரியதல்ல என்று சொன்னார்கள். அரசு இறங்கி வந்தது. 2012இல் வகுத்த விதிகளில் அவர்களின் மரபுவழி எடுப்புக்கு இடம் கிடைத்தது.

பொதுமக்கள் என்ற ஒரே பெயரில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமாகத் தோன்றும். கடலில் அது அநியாயமாக முடியக்கூடும். இதற்கு மிகக் கொடுமையான சான்று இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்களை, தியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் அமைப்பதற்காக, பிரிட்டன் 1973க்குள் முழுவதுமாக வெளியேற்றிவிட்டது. 2010 ஏப்ரலில் அந்தத் தீவுகளைச் சுற்றி ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான கடலைக் காப்பகமாக அறிவித்தது. அதற்கு முன் மக்கள் கருத்தும் கேட்டது. உலகெங்கும் இருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவுக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் அந்தக் கடலைக் கண்டதே இல்லை, நல்லெண்ணத்தில் கையெழுத்திட்டவர்கள். அந்த மண்ணில் பிறந்து, திரும்பிப் போகத் தவித்துக்கொண்டிருந்த சாகோஸ் மக்களின் குரல் அந்த எண்ணிக்கைக்குள் கரைந்துபோனது. 2015இல் சர்வதேச நடுவர் மன்றம், மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் இந்தக் காப்பகத்தை அறிவித்தது ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துகளின் எண்ணிக்கை ஒருபோதும் கேட்டதற்கு அத்தாட்சி ஆகாது. யார் எதை இழக்கப்போகிறார் என்பதை வைத்தே யாரை முதலில் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 2004 ஜூலை முதல் நாளிலிருந்து அங்கே மீன்பிடி அறவே இல்லாத பரப்பு, ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. கடற்பூங்காவை 70 உயிர்வாழ் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 விழுக்காட்டைக் காக்க வேண்டும் என்று அறிவியல் குழு சொன்னது. மக்கள் கருத்து இரண்டு முறை கேட்கப்பட்டது. வரைவே இல்லாதபோது ஒரு முறை, வரைவு வந்தபின் ஒரு முறை. மொத்தம் 31,000க்கும் மேற்பட்ட எழுத்துக் கருத்துகள் வந்தன, அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றில் மக்கள் தாங்களே குறித்த வரைபடங்களும் இருந்தன. அவற்றைப் படித்துப் பகுத்து, வரைவின் எல்லைகளைப் பல இடங்களில் மாற்றினார்கள். பெரிய பொதுக்கூட்டங்கள் பயன் தருவதில்லை என்பதையும் அனுபவத்தில் கண்டார்கள். உரக்கப் பேசும் நான்கு பேர் கூட்டத்தைக் கைப்பற்றிவிடுகிறார்கள். சொல்ல விஷயம் உள்ளவர் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். சிறு சந்திப்புகளும், எப்போது வேண்டுமானாலும் வந்து தனியாகப் பேசிவிட்டுப் போகும் ஏற்பாடும் அதிகம் தந்தன. நம்முடைய பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேடை, ஒலிபெருக்கி, காவலர் வரிசை, ஆதரவு எதிர்ப்பு முழக்கம், கடைசியில் ஒரு பக்கக் குறிப்பு.

கேட்டபின் பதில் சொல்லாமல் விடுவதும் தீங்குதான். இங்கிலாந்தில் 2009 சட்டத்தின்கீழ் நான்கு வட்டாரங்களில் மீனவர், துறைமுகத்தார், சூழல் அமைப்பினர் சேர்ந்த குழுக்கள் இரண்டு ஆண்டுகள் உழைத்து, விட்டுக்கொடுத்து, 2011இல் 127 இடங்களைப் பரிந்துரைத்தன. சான்றுக்கு இன்னும் கூடுதல் தரம் வேண்டும் என்று அரசு பிறகு சொன்னது. 2013 நவம்பரில் அறிவிக்கப்பட்டவை 27 மட்டுமே. மேலும் பல இடங்கள் 2016லும் 2019லும் சேர்ந்தன. ஆனால் ஒரு பாரை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று மிஞ்சும் என்று நம்பிக் கைகுலுக்கியவர்களின் உடன்பாடு, பகுதி பகுதியாக அவிழ்ந்துவிட்டது. சான்றுக்கான தரத்தை ஆட்டத்தின் நடுவில் மாற்றக்கூடாது.

நம் பக்கத்தில் அண்மையில் நடந்த ஒன்று எனக்கு நம்பிக்கையும் தருகிறது, கவலையும் தருகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448.34 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் இது. தேசியப் பூங்கா என்ற வழியை எடுக்காமல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஏ பிரிவிலுள்ள பாதுகாப்பகம் என்ற வழியை எடுத்தார்கள். இந்தப் பிரிவில் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அறிவிக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. அங்கு வாழ்வோரின் உரிமைகளும் பறிபோவதில்லை. ஆவுளியா என்று நம் மீனவர் சொல்லும் அந்த விலங்கு வலையில் சிக்கும்போது, வலையை அறுத்து அதைக் கடலுக்குள் விடுபவர் அவர்தான். அப்படி விட்டவர்கள் பாராட்டுப் பெற்றதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அறுந்த வலைக்கு விலை உண்டு என்பதையும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

கவலை எங்கே என்றால், 2002 திருத்தம் வகுத்த 36-பி பிரிவில். பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. வனத்துறை அலுவலர் உறுப்பினர் செயலர். பாதுகாப்பகம் அமைந்த ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி. வன உயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்ட தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர். வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். மீன்வளத் துறை அந்தப் பட்டியலில் இல்லை. மீனவரும் மீனவர் என்ற முறையில் இல்லை. தரையை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் கடலுக்கும் நீட்டப்பட்டிருக்கிறது. ஊராட்சிப் பிரதிநிதி இருக்கிறாரே என்று கேட்கலாம். கரையோர ஊராட்சிகளில் விவசாயக் குடும்பங்கள் பெரும்பான்மையாகவும் மீனவக் குப்பம் ஒரு மூலையாகவும் இருக்கும் இடங்கள் உண்டு. கடலைத் தீர்மானிக்கும் குழுவில் கடலுக்குப் போகிறவருக்கு அவர் பெயராலேயே இடம் வேண்டும். சட்டத்தைத் திருத்துவது தில்லியின் வேலை. அதை வலியுறுத்துவது இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் வேலை.

மக்களுக்கு இதெல்லாம் புதிது, அவர்களுக்கு முதலில் விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று சில அதிகாரிகள் என்னிடம் சொன்னதுண்டு. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். பாக் விரிகுடாக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. கடலை நேரத்தால் பங்கிட்ட திட்டம் அது. சண்டையும் உயிர்ச்சேதமும் கண்ட பிறகு பேசி உண்டாக்கியது. சோழமண்டலக் கரையின் ஊர்க்கூட்டங்கள், மீன்வளத்தையும் மற்றவர் பிழைப்பையும் கெடுக்கும் என்று கருதிய வலைகளைத் தங்கள் எல்லையில் தடை செய்திருக்கின்றன. மீறியவருக்குத் தண்டம் விதித்திருக்கின்றன. கடலில் விதி செய்வது இந்த மக்களுக்குப் பழக்கமான வேலை.

அதே சமயம் ஊர்க்கூட்டத்தை நான் கோயிலாக்கவும் மாட்டேன். அங்கே பெண்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை. மீன் விற்பவரும் கருவாடு காயவைப்பவரும் பாசி எடுப்பவரும் பெண்களாக இருக்க, கடல் பற்றிய முடிவு ஆண்களின் வட்டத்தில் நிகழ்கிறது. ஊர்த் தலைவரிடம் பேசிவிட்டேன், மக்களிடம் பேசியாகிவிட்டது என்று ஓர் அலுவலர் கோப்பை மூடினால், கரையின் பாதி அந்தக் கோப்பில் இல்லை. விசைப்படகு உரிமையாளரும் அந்தப் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளியும் ஒரே குரல் அல்லர். சங்கு குளிப்பவர் கேட்பது ஒன்று, நண்டு வலைக்காரர் கேட்பது இன்னொன்று. தனித்தனியே கேட்டுப் பிறகு சேர்த்து உட்காரவைக்க நாளாகும். அந்த நாளைத் திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் முடிவான உலக உயிர்ப்பன்மைச் செயற்சட்டகத்தின்படி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதை இலக்காக உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. பழங்குடிகள், உள்ளூர் மக்கள் ஆகியோரின் உரிமைகளை மதித்து என்ற வாசகமும் அதே இலக்கில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு நெருங்க நெருங்க, சதுர கிலோமீட்டரைக் கூட்டிக் காட்டும் அவசரம் எல்லா அரசுகளுக்கும் வரும். வரைபடம் வரைவது எளிதாகிவிட்டது. அலுவலகத்தில் அமர்ந்தே ஒரு மாலையில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு வண்ணம் தீட்டிவிடலாம். அடுத்த காப்பகம் எங்கே என்ற பேச்சு எழும்போது, படம் இல்லாத வெறும் கடல்தாளோடு முதலில் கரைக்குப் போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எப்போது போவது என்பதும் அற்பமான விஷயம் அல்ல. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்போது கூட்டம் வைத்தால் அரங்கு நிறையும். ஆனால் தடைக்கு உட்படாத நாட்டுப்படகுக்காரருக்கு அதுதான் நாலு காசு பார்க்கும் காலம், அவர் வரமாட்டார். பாசிப் பெண்களை அமாவாசை வாரத்தில் அழைத்தால் அவர்களுடைய பன்னிரண்டு நாளில் ஒன்று போகும். கூட்டத்துக்கு வரும் அதிகாரிக்குப் பயணப்படி உண்டு, நிபுணருக்கு மதிப்பூதியம் உண்டு, என்னைப் போல் பேச வருபவருக்குப் பொன்னாடையும் உண்டு. ஒரு நாள் தொழிலை விட்டு வந்து தன் கடலைப் பற்றி நமக்குச் சொல்லித்தருபவருக்கு அந்த நாளின் வருமானத்தைத் திட்டச் செலவில் ஒரு தலைப்பாகச் சேர்க்க வேண்டும். அவர் சொன்னது தமிழில் எழுதப்பட்டு அவருக்கே திரும்ப வாசித்துக்காட்டப்பட வேண்டும். ஏற்றுக்கொண்டது எது, ஏற்காதது எது, ஏன் என்று எழுத்தில் பதில் போக வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதே ஆட்களைக் கூட்டி, மூடிய இடத்தில் மீன் கூடியிருக்கிறதா, கோட்டை நகர்த்த வேண்டுமா என்று மறுபடி பேசும் தேதியை அறிவிக்கையிலேயே அச்சிட வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் போவீர்கள். இந்தச் செலவுத் தலைப்புகளை எழுதும் இடத்தில் உங்களில் ஒருவர் இருக்கும் நாள் தொலைவில் இல்லை.